வரி ஏறுது சரி, அது ஸ்கூலுக்குப் போகுதா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீட்டு வரியும் ஸ்கூலும் பத்தி தான். அமெரிக்காவுல இருக்கற வாசகர்கள் தான் நெறைய எழுதியிருக்காங்க, நடுவுல திருச்சிலேர்ந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேற மடக்கியிருக்காரு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, நாங்க டல்லாஸ் பக்கம் சொந்த வீட்டுல இருக்கோம். எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர் ஸ்கூல்களை நடத்தி அதுக்கு வரி போடற அமைப்பு) நவம்பர்ல ஒரு ஓட்டெடுப்பு வைக்குது, நூறு டாலர் மதிப்புக்கு 3 சென்ட் கூட ஏத்திக்கறோம்னு. வீட்டு மதிப்பு 5,50,000ன்னு நோட்டீஸ் வந்துச்சு, ஸ்கூல் வரி மட்டுமே வருஷம் நாலாயிரம் டாலருக்கு மேல போகுது. எங்க பசங்க ரெண்டு பேரும் ஹைஸ்கூல் முடிச்சு காலேஜ் போயாச்சு. வாட்ஸப் குரூப்ல எல்லாரும் "நோ போடுங்க"ங்கறாங்க, எங்க வீட்டுக்காரரும் அதே பாட்டு தான், "வருஷா வருஷம் கூட தானே கட்டறோம், அந்த காசெல்லாம் எங்க போச்சு"ன்னு. நான் எதை போட? - ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: சண்டைக்கு முன்னாடி கணக்கை பாத்துடலாம்மா. 5,50,000ல நீங்க குடியிருக்கற வீடுங்கறதால ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்னு வரி விலக்கு 1,40,000 கழியும் (2022ல வெறும் 40,000, 2023லேர்ந்து ஒரு லட்சம், 2025 நவம்பர்ல ஜனங்க ஓட்டு போட்டு 1,40,000 ஆக்குனாங்க). மிச்சம் 4,10,000. அதுக்கு நூறுக்கு 3 சென்ட்னா வருஷத்துக்கு 123 டாலர், மாசம் பத்து டாலர் சொச்சம். ஆயிரம் ஏறும் ரெண்டாயிரம் ஏறும்னு குரூப்ல ஃபார்வர்ட் போடறவங்களுக்கு இந்த நாலு வரியை அப்படியே அனுப்பிடுங்க. 65 வயசு தாண்டி எக்ஸெம்ப்ஷன் வாங்குனவங்களுக்கு அந்த ஏத்தமும் கிடையாது, அவங்க வீட்டு ஸ்கூல் வரிக்கு உச்சவரம்பு கட்டி நிறுத்தி வச்சிருக்காங்க.

அப்ப எஸ் போட்டுடலாமான்னா, இருங்க. உங்க வீட்டுக்காரர் "நாங்க வருஷா வருஷம் கூட தானே கட்டறோம், அந்த காசெல்லாம் எங்க போச்சு"ன்னு கேக்கறாரு பாருங்க, அது ஞாயமான கேள்வி, அதுக்கு பதில் தெரியாம யாரும் ஓட்டு போடக்கூடாது. டெக்சஸ் ஃபார்முலா எப்படின்னா, ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு எவ்ளோ பணம்ங்கறதை புள்ளைங்க தலைக்கணக்குல ஸ்டேட் முடிவு பண்ணும். அடிப்படைத் தொகை 2019ல ஒரு புள்ளைக்கு 6,160 டாலர்னு வச்சாங்க, அது 2025 வரைக்கும் அசையவே இல்ல, நடுவுல முட்டை விலை என்ன ஆச்சு, பஸ் டிரைவர் சம்பளம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், 2025ல ரொம்ப யோசிச்சு 55 டாலர் ஏத்துனாங்க. அந்தத் தொகைக்கு மொதல்ல உங்க வீட்டு வரிலேர்ந்து எடுப்பாங்க, பத்தாத மிச்சத்தை தான் ஸ்டேட் போடும். ஸோ உங்க வீட்டு மதிப்பு ஏறி நீங்க கூட கட்டுனா உங்க ஸ்கூலுக்கு கூட வராது, ஸ்டேட் போடற பங்கு குறையும், அவ்ளோ தான். நீங்க கட்டுன ஏத்தம் ஆஸ்டின்ல ஸ்டேட் கஜானாவுக்கு மிச்சமாகுது. இதை பல பேருக்கு இன்னும் யாரும் சொல்லவே இல்ல, டிஸ்ட்ரிக்ட்காரங்களும் தெளிவா சொல்றதில்ல.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்கு தான் இந்த எலெக்ஷன். அடிப்படை ரேட்டுக்கு மேல ஒரு டிஸ்ட்ரிக்ட் கொஞ்சம் சென்ட் ஏத்திக்கலாம், மொத்தம் 17 வரைக்கும். அதுல மொத 8 சென்ட்டுக்கு பேரு கோல்டன் பென்னி, அடுத்த 9 காப்பர் பென்னி. கோல்டன் பென்னில வசூலாகறது அப்படியே உங்க ஊர் ஸ்கூலுக்கே, ஸ்டேட் கை வைக்காது, ஏழை டிஸ்ட்ரிக்ட்டா இருந்தா ஸ்டேட் மேல போட்டும் தரும். காப்பர் அப்படி இல்ல, பணக்கார டிஸ்ட்ரிக்ட்டா இருந்தா ஒரு பங்கு வெளிய போயிடும், அதுக்கு பேரு ரீகேப்சர். கோல்டன்ல மொத 5 சென்ட்டை ஸ்கூல் போர்டே ஓட்டு போட்டு எலெக்ஷன் இல்லாமயே எடுத்துக்கலாம், பாக்கி 3 வேணும்னா உங்க கிட்ட வரணும். உங்க டிஸ்ட்ரிக்ட் சரியா 3 சென்ட் கேக்குதுங்கறதை பாத்தா அந்த பாக்கி மூணு தான்னு தோணுது, ஆனா தோணறது வேற, தெரிஞ்சுக்கறது வேற. டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு ஈமெயில் போடுங்க: "நீங்க கேக்கறது கோல்டனா காப்பரா, ரீகேப்சர்ல எவ்ளோ போகும்". ஒரே வரி போதும். சுத்தி வளைச்சு பதில் வந்தா அதுவும் ஒரு பதில் தான்.

அடுத்தது "பசங்க தான் காலேஜ் போயாச்சே". இதுல நான் உங்க வீட்டுக்காரர் பக்கம் இல்ல. உங்க பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல்ல இருந்தப்ப அடிப்படைத் தொகையே ரெண்டு பேருக்கும் சேத்து வருஷம் 12,320 டாலர், நீங்க கட்டுனது நாலாயிரம் சுத்தி. பாக்கியை யாரு கட்டுனாங்க? எதிர்வீட்டு தாத்தா கட்டுனாரு, மூலையில இருக்கற மால் கட்டுச்சு, புள்ளையே இல்லாத தம்பதி கட்டுனாங்க. அப்ப யாரும் உங்க வீட்டு பெல்லை அடிச்சு கேக்கல. இன்னொன்னு, வீடு வாங்கறப்ப மொதல்ல என்ன பாத்தீங்க, கிச்சனா? ஸ்கூல் ரேட்டிங் தானே. விக்கற அன்னைக்கு வாங்க வர்றவங்களும் அதையே தான் பாப்பாங்க.

நோ போடறவங்க எல்லாரும் கருமின்னும் நான் சொல்ல மாட்டேன். டெக்சஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது, 2019ல அதை கொண்டு வரவே கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க, அதனால பாரம் பூரா வீட்டு மேல ஏறுது. வேலை போனாலும் வீடு அதே மதிப்பு, வரி அதே வரி, சம்பளம் நின்னா இன்கம் டாக்ஸ் நிக்கும் வீட்டு வரி நிக்காது. லே-ஆஃப் ஆகி உக்காந்திருக்கற ஒரு வீட்டுல போயி "மாசம் பத்து டாலர் தானே"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

கடைசியா ஒண்ணு, ஓட்டுச்சீட்டுல இதோட சேத்து பான்ட்னு (டிஸ்ட்ரிக்ட் வாங்கற கடன்) தனியா ஏதாவது இருந்தா ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. பான்ட் காசு கட்டடம், பஸ், லேப்டாப்புக்கு, அதுலேர்ந்து டீச்சர் சம்பளம் குடுக்க முடியாது. டல்லாஸ் பக்கத்துல ஆலன் ஊர்ல 60 மில்லியன் டாலருக்கு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டி 2012ல திறந்து, கான்க்ரீட் விரிசல் விட்டு 2014ல மூடி, சரி பண்ணி 2015ல திரும்ப திறந்தாங்களே, அது பான்ட் கதை. இப்பல்லாம் பெரிய ஸ்டேடியம்னா தனி கேள்வியா தான் போடணும்னு சட்டம் வந்துடுச்சு, ஸோ அதுக்கு நோ, சம்பளத்துக்கு எஸ்னு பிரிச்சு போடலாம். பான்ட் கேள்வியில "இது சொத்து வரி உயர்வு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், ரேட் ஏறலன்னாலும் அப்படி போட்டே ஆகணும்னு சட்டம், பாத்து பயந்துடாதீங்க.

நானா இருந்தா, மூணும் கோல்டன்னு எழுத்துல பதில் வந்தா எஸ். காப்பர் கலந்திருந்தா டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டை ஒரு தடவை பிரிச்சு பாத்துட்டு தான்.

கேள்வி: ஆஸ்டின்ல வீட்டு வரி கட்டறேன். எங்க ஸ்கூல் காசை "ராபின் ஹூட்"னு சொல்லி வேற ஊருக்கு தூக்கி குடுக்கறாங்களே, இது பகல் கொள்ளை இல்லையா? - ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: கோபம் புரியுது சார், மாநிலத்துலயே அதிகமா ரீகேப்சர் (ராபின் ஹூட்டோட நிஜப் பேரு) கட்டறது உங்க டிஸ்ட்ரிக்ட் தான், அதுவும் அங்க படிக்கற புள்ளைங்கள்ல பாதி பேருக்கு கிட்ட வசதி இல்லாத வீட்டுப் புள்ளைங்க. ஆனா இந்த ஏற்பாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்காம கொள்ளைன்னு சொல்லிட முடியாது.

சான் அன்டோனியோவுல எட்ஜ்வுட்னு ஒரு டிஸ்ட்ரிக்ட், பெரும்பாலும் மெக்சிகன் வம்சாவளி தொழிலாளிங்க குடியிருந்த இடம். அதே நகரத்துல அலமோ ஹைட்ஸ், வசதியானவங்க ஏரியா. 1968 மே மாசம் எட்ஜ்வுட் ஹைஸ்கூல் பசங்க கிளாஸை விட்டு வெளிநடப்பு பண்ணாங்க, உடைஞ்ச கட்டடம், தகுதியான டீச்சர் இல்லன்னு. அப்புறம் டெமெட்ரியோ ரோட்ரிகஸ்னு ஒரு ஷீட் மெட்டல் தொழிலாளி, இன்னும் சில பெத்தவங்களோட கோர்ட்டுக்கு போனாரு. அந்த கேஸ்ல வந்த கணக்கை பாருங்க: எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி போட்டுக்கிட்டாங்க, ஒரு புள்ளைக்கு கெடைச்சது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்ல போட்டது 85 சென்ட் தான், ஒரு புள்ளைக்கு கெடைச்சது 333 டாலர். ஏழை ஊர் கூட ரேட் போட்டும் பத்துல ஒரு பங்கு கூட தேறல, ஏன்னா எட்ஜ்வுட்ல ஒரு புள்ளைக்கு இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர், அங்க 49,000க்கு மேல. ஸ்டேட், ஃபெடரல் காசெல்லாம் சேத்தும் ஒரு புள்ளைக்கு எட்ஜ்வுட்ல 356, அலமோ ஹைட்ஸ்ல 594.

1973ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு ரோட்ரிகஸ் தோத்துட்டாருன்னு சொல்லிடுச்சு, கல்வி அரசியல் சட்டம் தர்ற அடிப்படை உரிமை இல்லன்னு. அதோட விடல அந்த ஊர்க்காரங்க. டெக்சஸ் மாநில கோர்ட்டுல மறுபடி கேஸ், 1989ல டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் ஒருத்தர் கூட மாறாம அவங்க பக்கம். அப்புறம் சட்டசபை பல தடவை சட்டம் போட்டு கோர்ட் அடிச்சு, 1993ல போட்ட சட்டத்துல தான் இந்த ரீகேப்சர் வந்து நிலைச்சுது. லோக்கல் சொத்து வரியை மட்டும் நம்பி ஸ்கூல் நடத்துனா எங்க போயி நிக்கும்ங்கறதுக்கு 26, 333 இந்த ரெண்டு நம்பரே போதும் எனக்கு.

உங்க கோபத்தை வேற பக்கம் திருப்பிக்கலாம். ரீகேப்சர் காசு வர வர ஸ்டேட் தன் பைலேர்ந்து போடறது குறையுது, எடுக்கற காசுக்கு மேல ஸ்டேட்டும் போட்டு எல்லா டிஸ்ட்ரிக்ட்டையும் தூக்கணும்ல, அது நடக்கல. ஹூஸ்டன்ல 2016ல ஜனங்க கட்ட மாட்டோம்னு ஓட்டு போட்டாங்க, ஆனா கட்டலன்னா அங்க இருக்கற பெரிய கம்பெனி சொத்துகளையே வேற டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாத்திடுவோம்னு நெலமை வந்துச்சு, 2017 மே மாசம் சரி கட்டறோம்னு திரும்ப ஓட்டு போட வேண்டியதா போச்சு.

கேள்வி: ஃப்ரீமான்ட்ல வீடு வாங்கினோம். ஒரே மாதிரி வீடு, பக்கத்து வீட்டு பாட்டி எங்களைவிட பல மடங்கு கம்மியா வரி கட்றாங்க. எப்படி? - கலிபோர்னியா வாசகி

பதில்: 1978ல கலிபோர்னியா ஜனங்க போட்ட ப்ரொபோசிஷன் 13. வரி, வீடு வாங்குன விலையில 1 சதவீதம் சுத்தி தான், வருஷத்துக்கு மதிப்பு 2 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, வீடு கைமாறுனா தான் புது விலைக்கு போகும். பாட்டி எழுபதுகள்ல வாங்கியிருப்பாங்க, நீங்க இப்ப. அதுலேர்ந்து ஸ்கூல் கஜானா ஊர் கைய விட்டு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு போயிடுச்சு. ஊருக்குள்ள தனியா பார்சல் டாக்ஸ் (மனைக்கு இவ்ளோன்னு போடற வரி) போடணும்னா பொதுவா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதான் உங்க ஸ்கூல் ஃபவுண்டேஷன் வருஷா வருஷம் டொனேஷன் கேட்டு லெட்டர் அனுப்புது, வரியா கட்டாததை டொனேஷனா கட்றீங்க, ஒரே வித்தியாசம் வசதி உள்ள ஊர்ல தான் அது தேறும். பாட்டி மேல கோபப்படாதீங்க, சட்டம் அவங்க பண்ணல (ஓட்டு போட்டிருப்பாங்க, அது வேற விஷயம்).

கேள்வி: நான் எச்1பி வேலை விசாவுல இருக்கேன், கிரீன் கார்டு க்யூ எங்க காலத்துல வராது. வீடு வாங்கி வரி கட்டறோம், ஆனா ஸ்கூல் எலெக்ஷன்ல ஓட்டு இல்ல. சும்மா கட்டிட்டு வாயை மூடிட்டு இருக்கணுமா? - இர்விங் வாசகர்

பதில்: ஓட்டு தான் இல்ல, வாய் இருக்குல்ல. ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பேசறதுக்கு சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, அஜெண்டாவுல இருக்கற விஷயத்துக்கு பொதுமக்களை பேச விட்டே ஆகணும்னு டெக்சஸ்ல 2019லேயே சட்டம் இருக்கு. பட்ஜெட், வரி ரேட் ரெண்டுக்கும் பப்ளிக் மீட்டிங் வைப்பாங்க, பெரும்பாலும் காலி நாற்காலி தான் இருக்கும், நம்ம ஆளுங்க நாலு பேர் நம்பரோட போயி ரெண்டு நிமிஷம் பேசுனா போர்டு மெம்பர் நோட் பண்ணிப்பாரு. அப்ரெய்சல் (வீட்டுக்கு அவங்க போட்ட மதிப்பு) அதிகம்னு நெனச்சா மே 15க்குள்ள இல்ல நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள, எது அப்புறம் வருதோ அதுக்குள்ள ப்ரொடெஸ்ட் போடுங்க, அதுக்கும் சிட்டிசன்ஷிப் வேணாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கற இடத்துல ஓட்டுக்கு பதிவு பண்ணட்டுமான்னு கேப்பாங்க, பழக்கதோஷத்துல எஸ்னு டிக் பண்ணிடாதீங்க. சிட்டிசன் இல்லாதவங்க பதிவு பண்ணுனா, ஓட்டு போட்டா, கிரீன் கார்டு கனவே போயிடும், நாட்டை விட்டே அனுப்பலாம். தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மகன் அமெரிக்காவில் கட்டும் வீட்டு வரியில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறதாம். நம் ஊரிலும் இப்படி ஒரு வரி போட்டு அரசுப் பள்ளிகளை நிமிர்த்தினால் என்ன? - திருச்சி வாசகர்

பதில்: ஐயா, போட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க! 1920ல வந்த தொடக்கக் கல்விச் சட்டத்துலேர்ந்து நம்ம சொத்து வரியோட கல்வி வரி ஒட்டிக்கிட்டு தான் வருது. உங்க மாநகராட்சி பட்ஜெட் புத்தகத்தை எடுத்து பாருங்க, வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, அதுக்கடுத்து கல்வி நிதின்னு தனி கணக்கே இருக்கும். நூலக வரி வேற தனி, வீட்டு வரி ரூபாய்க்கு பத்து பைசா, கிராம பஞ்சாயத்து ரசீதுல கூட பாத்திருப்பீங்க. இன்கம் டாக்ஸ் கட்டறவங்க கிட்ட மத்திய அரசு எடுக்கற 4 சதவீத செஸ்ல கல்வியும் இருக்கு, அது மாநிலத்தோட பங்கு போட வேண்டியதில்லாத காசு.

இந்த கல்வி நிதிக்கு ஒரு பழைய கதை உண்டு, ஹெட்மாஸ்டருக்கு தெரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காக சொல்றேன். அதே 1920ல சர் பிட்டி தியாகராயர் தலைவரா இருந்த மெட்ராஸ் மாநகராட்சி, ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதிய சாப்பாடு போட தீர்மானம் போட்டுச்சு, ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல ஆகக்கூடாதுன்னு. இன்னும் சில ஸ்கூலுக்கும் போச்சு. அப்புறம் பிரிட்டிஷ் அரசாங்கம், தொடக்கக் கல்வி நிதிலேர்ந்து சோத்துக்கு செலவு பண்ண முடியாதுன்னு சொல்லி 1925 ஏப்ரல்ல நிறுத்திடுச்சு. ஊர்ல வசூலான வரி, ஊர் கவுன்சில் போட்ட தீர்மானம், மேல இருக்கறவன் ஒரு கையெழுத்துல நிறுத்துறான். இப்ப 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்தி வச்சதுன்னு தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனதை பாத்தப்ப எனக்கு அந்த ஒரு அணா தான் ஞாபகம் வந்துச்சு. ஊர் கையில கொஞ்சமாவது சொந்தக் காசு இருக்கணும்னு நீங்க நெனைக்கறதுல அர்த்தம் இருக்கு.

ஆனா முழுக்க அமெரிக்கா மாதிரி வேணாம்ங்க. எட்ஜ்வுட் கதை மேல இருக்கு, அதை அப்படியே நம்ம ஊருக்கு கொண்டு வந்து பாருங்க. தில்லைநகர் சொத்து மதிப்புல ஓடற ஸ்கூல் ஒரு மாதிரி இருக்கும், துறையூர் தாண்டி மலையடிவார பஞ்சாயத்துல வர்ற வீட்டு வரில ஒரு சத்துணவுக் கூடத்துக்கு கூரை கூட மாத்த முடியாது. இங்க டீச்சர் சம்பளம் மாநில கஜானாலேர்ந்து வர்றதால தான் அந்த மலையடிவாரத்துலயும் உங்களை மாதிரி ஒரு வாத்தியார் போயி நின்னாரு, சம்பளம் அதே சம்பளம். அந்த ஒண்ணை நாம விட்டுக் குடுக்கக் கூடாது. கட்டடம், கழிப்பறை, குடிதண்ணி, வாட்ச்மேன், ரிப்பேர், இதுக்கெல்லாம் உள்ளூர் வரி வேணா பயன்படலாம்.

புது வரிக்கு இப்ப நேரமும் சரியில்ல. 2022லேயே சொத்து வரியை ஏத்துனாங்க, திருச்சி மாதிரி ஊர்கள்ல 600 சதுர அடிக்குள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல 100 சதவீதம். வரி ஏறும்போது அதுக்குள்ள இருக்கற கல்விப் பங்கும் கூடியிருக்கணும்ல? அந்த கேள்வியை யாரும் கேக்கல. நீங்க கேளுங்க. ஆர்டிஐல மாநகராட்சிக்கு ஒரு மனு: 2022க்கு முன்னாடி மூணு வருஷம், அதுக்கப்புறம் மூணு வருஷம், கல்வி வரியா வந்தது எவ்ளோ, எந்தெந்த ஸ்கூலுக்கு எதுக்கு செலவாச்சு, செலவாகாம நின்னது எவ்ளோ, வேற கணக்குக்கு கடனா போனது எவ்ளோ. பதில் வந்ததும் உங்க வார்டு கவுன்சிலர் கிட்ட ஒரு காப்பி, ஸ்கூல் மேலாண்மைக் குழு கூட்டத்துல ஒரு காப்பி. ஹெட்மாஸ்டரா இருந்தவர் கேட்டா கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாங்க. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, இங்கயே போடறேன்.

கேள்வி: வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்னு ஒண்ணு இருக்கறதே இப்ப தான் தெரியும். பழைய வருஷத்துக்கு கெடைக்குமா? - டெக்சஸ் வாசகர்

பதில்: கெடைக்கும் தம்பி. வரி கட்ட வேண்டிய கெடு தாண்டி ரெண்டு வருஷத்துக்குள்ள லேட்டா அப்ளை பண்ணலாம், கட்டுன காசு திரும்ப வரும். வீட்டு மதிப்பு போடற ஆபீஸான கவுன்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல ஃபார்ம் இருக்கு, ஃப்ரீ தான், "நாங்க போட்டுத் தர்றோம், ஃபீஸ் குடுங்க"ன்னு தபால்ல வர்ற லெட்டரை குப்பையில போடுங்க. லைசென்ஸ்ல இருக்கற அட்ரஸும் வீட்டு அட்ரஸும் ஒண்ணா இருக்கணும், அதை மொதல்ல மாத்திட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. வரியை பேங்க் எஸ்க்ரோலேர்ந்து (மாசத் தவணையோட வரிக்குன்னு பிடிச்சு வைக்கற கணக்கு) கட்டுதுன்னா ரீஃபண்ட் யாரு பேருக்கு வருதுன்னு கேட்டு வச்சுக்கோங்க.